குடும்பத்தோடு க்ரூஸ் பயணம்: விமான டிக்கெட் போடுவது எப்படி?

கப்பலில் அறை பதிவு செய்து முன்பணமும் கட்டியாகிவிட்டது, இனி விமான டிக்கெட்தானே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் இருப்பார்கள். சாதாரணச் சுற்றுலா என்றால் அது பரவாயில்லை. விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானாலும் ஓட்டல் அதே இடத்தில் இருக்கும். கப்பல் கிளம்பிவிடும். அதனால் க்ரூஸுக்கு டிக்கெட் போடும்போது கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். கப்பல் கிளம்பும் நேரத்தை எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி உங்கள் வீட்டு வாசல் வரை வர வேண்டும். முதன்முறை போகிறவர்களுக்காக அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: கப்பல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

விளம்பரத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை வைத்து விமான நிலையத்தை முடிவு செய்யாதீர்கள். 'ரோம்' என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிடவெக்கியா துறைமுகத்தில், ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி. 'லண்டன்' என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன், லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். 'பாரிஸ்' என்று விற்பது லெ ஆவ்ர் துறைமுகத்தை, பாரிஸிலிருந்து அது 200 கிலோமீட்டர் அளவு. 'பாங்காக்' என்பது பல சமயம் லேம் சபாங், அதுவும் நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். வெனிஸ் இன்னும் குழப்பம். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் நகரின் நடுவே ஜூடெக்கா கால்வாய் வழியாகப் போகத் தடை இருப்பதால், வெனிஸ் பெயரில் விற்கப்படும் சில பயணங்கள் ராவென்னாவிலோ ட்ரியெஸ்டேவிலோ தொடங்குகின்றன. இரண்டும் தனித்தனி ஊர்கள்.

ஆகவே பதிவுச் சீட்டில் துறைமுகத்தின் பெயரையும் முனையத்தின் பெயரையும் தேடி எடுத்து, வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். சில இடங்களில் இது உங்களுக்குச் சாதகமாகவும் அமையும். அமெரிக்காவின் மயாமியும் ஃபோர்ட் லாடர்டேலும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். எந்த ஊரில் கப்பல் ஏறினாலும் இரண்டு விமான நிலையங்களுக்கும் கட்டணம் பார்க்கலாம்.

பயணம் முடியும் துறைமுகம் வேறா என்பதையும் இப்போதே பாருங்கள். பார்சிலோனாவில் ஏறி ரோமில் இறங்குவது போன்ற பயணம் என்றால், தேடும் பக்கத்தில் 'ரவுண்ட் ட்ரிப்' வேண்டாம், 'மல்டி சிட்டி'யைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு தனி ஒருவழி டிக்கெட்டுகளைவிட அது பல நேரம் மலிவாகவே வரும்.

படி 2: ஒரு நாள் முன்னதாகப் போய் இறங்குங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எதற்காக இத்தனை வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு.

கப்பல் மாலை 4 மணிக்குக் கிளம்புகிறது. கிளம்புவதற்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள், எனவே உங்கள் உண்மையான கெடு 2:30. அன்று காலை 10 மணிக்கு இறங்கும் விமானம் ஒன்று நல்ல விலையில் இருக்கிறது. நாலரை மணி நேரம் இருக்கிறதே, தாராளம் என்று தோன்றும். சரி, நடந்து பார்ப்போம். விமானக் கதவு திறந்து, தூங்கும் பிள்ளையை எழுப்பி, கழிப்பறைக்குப் போய், குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டிகள் வந்து சேர்ந்து வெளியே வரும்போது 12 மணி. வண்டி பிடித்து 70 கிலோமீட்டர் போய்ச் சேர 1:30. மிச்சம் இருப்பது ஒரே ஒரு மணி நேரம். விமானம் ஒரு மணி நேரம் தாமதமாவது எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும்.

முந்தின இரவுக்கு ஓட்டல் செலவாகும்தான். அதையும் டிக்கெட் விலையோடு சேர்த்தே கணக்குப் பண்ணுங்கள், உறுத்தாது. கண்டம் தாண்டிப் பறக்கிறீர்கள் என்றாலோ, பனிக்காலத்தில் பனி கொட்டும் ஊர் வழியாக மாறிப் போகிறீர்கள் என்றாலோ, இரண்டு நாள் முன்னதாகப் போவது நல்லது.

'தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொண்டால் போச்சு' என்பவர்களும் உண்டு. சில பாதைகளில் முடியும், உங்கள் செலவில், அந்த நாட்டு விசாவும் கையில் இருந்தால். சில பாதைகளில் சட்டமே விடாது. அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெளிநாட்டில் பதிவான கப்பல்கள் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்குவதைக் கட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான க்ரூஸ் கப்பல்கள் வெளிநாட்டுப் பதிவுதான். அதனால் சியாட்டிலில் அலாஸ்கா கப்பலைத் தவறவிட்டவர், அலாஸ்காவில் உள்ள ஜூனோ துறைமுகத்துக்குப் பறந்து போய் ஏறி, திரும்ப சியாட்டிலில் இறங்க முடியாமல் போகலாம்.

படி 3: திரும்பும் விமானத்தை மதியத்துக்குத் தள்ளுங்கள்

காலை 6, 7 மணிக்கெல்லாம் கப்பல் கரை சேர்ந்துவிடும். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் தொகுதி தொகுதியாக இறங்கி முடிக்க ஒன்பது, பத்து மணி ஆகும். துறைமுகம் பக்கத்திலேயே என்றால் நண்பகலுக்குப் பிந்தைய விமானம் போதும். தொலைவில் என்றால் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு பாருங்கள். மூடுபனி வந்தால் கப்பலும் தாமதமாகும்.

படி 4: தேடும்போது ஒருவருக்கும் பாருங்கள், எல்லோருக்கும் பாருங்கள்

விமானத்தில் ஒரே வகுப்பு இருக்கைகளைப் பல விலைகளில் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவு விலையில் இரண்டு இருக்கை மட்டும் மிச்சம் இருக்கும்போது நீங்கள் நான்கு பேருக்குத் தேடினால், பெரும்பாலும் நால்வருக்குமே அடுத்த விலையைத்தான் காட்டும். எனவே முதலில் ஒருவருக்கு, பிறகு நால்வருக்கு என்று தேடிப் பாருங்கள். ஒருவருக்கான விலை கணிசமாகக் குறைவாக இருந்தால், இரண்டு இரண்டு பேராகப் போட்டுச் சேமிக்க வழி இருக்கிறது.

ஆனால் நான் இதைச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சொல்ல மாட்டேன். இரண்டு முறையாகப் போட்டால் இரண்டு பி.என்.ஆர். எண்கள் (பதிவு எண்கள்) வரும். விமானம் ரத்தானால், கணினி ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக மாற்று விமானம் ஒதுக்கும். அம்மாவும் மகளும் இன்று இரவு, அப்பாவும் மகனும் நாளை மதியம் என்று ஆகிவிடலாம். எல்லோரும் ஒரே பி.என்.ஆரில் இருப்பதே நிம்மதி. பிரித்துத்தான் போட்டீர்கள் என்றால், விமான நிறுவனத்தை அழைத்து ஒன்றின் எண்ணை மற்றதில் குறிப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இடையில் மாறிப் போவதென்றால் முழுப் பாதையும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால், மாற்று ஏற்பாடு அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் பொறுப்பு உங்களுடையது. அன்றைய கடைசி விமானத்தில் மாறும்படியும் போடாதீர்கள், அதை விட்டால் இரவு விமான நிலையத்தில்தான்.

படி 5: வயதும் பாஸ்போர்ட்டும்

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். பயணத்தின் நடுவே இரண்டு முடிந்துவிட்டால் திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும். விமானம் ஏற்றிக்கொள்ளும் எல்லோரையும் கப்பல் ஏற்றிக்கொள்ளாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான கப்பல்களில் குழந்தைக்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், பெருங்கடல் தாண்டும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம். கர்ப்பிணிகளுக்கு, பயணம் முடிவதற்குள் 24-ஆம் வாரம் தொடங்கிவிடும் என்றால் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. விமானங்கள் அதைவிடப் பல வாரம் தாண்டியும் விடும். ஆகவே டிக்கெட்டுக்கு முன் கப்பலின் விதியைப் படியுங்கள்.

பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, விமானத்திலும் கப்பலிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போடும் நம்மவர்களுக்கு இங்கேதான் சிக்கல் வரும். ஓரிடத்தில் முதலெழுத்தும் இன்னோரிடத்தில் முழுப் பெயருமாக விட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட் வீடு திரும்பும் நாளைத் தாண்டி ஆறு மாதமாவது செல்லுபடியாகட்டும்.

விசா தேவைப்படுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஷெங்கன் நாட்டில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றில்) ஏறி, நடுவில் துருக்கியைத் தொட்டு, மறுபடி ஷெங்கன் துறைமுகத்துக்கு வரும் கப்பல் என்றால், பலமுறை நுழையும் விசா வாங்குங்கள். அமெரிக்கா வழியாக வெறுமனே விமானம் மாறுவதற்கும் விசா கேட்பார்கள்.

படி 6: கப்பல் நிறுவனம் வழியாகவே போடலாமா?

ராயல் கரீபியன், பிரின்சஸ் போன்ற நிறுவனங்கள் விமான டிக்கெட்டும் விற்கின்றன. அதில் போட்டால், விமானம் தாமதமாகும்போது உங்களைக் கப்பலில் சேர்க்க அவர்களே வழி தேடுவார்கள். கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று மட்டும் அர்த்தமில்லை. விலையைக் கட்டாயம் ஒப்பிடுங்கள். முதன்முறை போகிறவர்கள், கொஞ்சம் கூடுதல் என்றாலும் இதை எடுக்கலாம் என்பது என் கருத்து. எந்த வழியில் போட்டாலும் காப்பீடு எடுங்கள், அதில் கப்பலைத் தவறவிடுவதற்கு ஈடு உண்டா என்று பாருங்கள். இத்தனை மணி நேரம் முன்னதாக வந்து சேரும்படி டிக்கெட் போட்டிருக்க வேண்டும் என்று சில காப்பீடுகளில் நிபந்தனை இருக்கும்.

படி 7: போட்ட பிறகு

விமான நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும், அவ்வப்போது நுழைந்து பாருங்கள். பெரிய மாற்றம் என்றால் வேறு விமானம் கேட்க அதுதான் சமயம்.

அப்புறம் பெட்டிகள். கப்பலின் லக்கேஜ் அட்டையை ஓட்டலில் இருந்து துறைமுகத்துக்குக் கிளம்பும்போது மாட்டினால் போதும், விமானப் பட்டைகளைக் கிழித்துவிட்டு. துறைமுக வாசலில் ஆட்கள் வாங்கிக்கொள்ளும் பெட்டி உங்கள் அறைக்கு வரச் சாயங்காலம் ஆகலாம். பாஸ்போர்ட், மருந்து, பிள்ளைகளின் நீச்சல் உடை மூன்றும் தோள் பையில் இருக்கட்டும்.