அப்டேட்டுக்குப் பிறகு பில்லிங் சாஃப்ட்வேர் திறக்கவில்லையா? அவசரப்பட்டு அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள்

கடைகளுக்கு கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுக்கும் வேலை எனக்கு. மாதத்தில் இரண்டாவது வாரம், புதன் வியாழன் காலைகளில் போன் ஓயாது. மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விண்டோஸ் அப்டேட்டை விடுகிறது, அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு விடுவது நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை ஆகிவிடும், அப்புறம் மெஷின் எப்போது ரீஸ்டார்ட் ஆகிறதோ அதற்கு மறுநாள் காலையில் "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இப்போ ஐகானைத் தட்டினா ஒண்ணும் வரல" என்று ஆரம்பிக்கும்.

ஒரு மொத்த மளிகைக் கடை. தீபாவளிக்கு முந்தைய வாரம். நான் போய்ச் சேர்வதற்குள் முதலாளியின் பையன், விவரமான பையன்தான், பில்லிங் சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் பழைய சிடியைப் போட்டு மறுபடி ஏற்றியிருந்தான். சாஃப்ட்வேர் அப்போதும் திறக்கவில்லை. அதைவிடப் பெரிய கொடுமை, கணக்கு முழுவதும் அதே ஃபோல்டருக்குள் இருந்ததால் அன்இன்ஸ்டால் ஆகும்போது அதுவும் சேர்ந்து போய்விட்டது. பென்டிரைவில் இருந்த பேக்கப் ஐந்து மாதம் பழையது. கடைசியில் பிரச்சினை என்னவென்று பார்த்தால், புது விண்டோஸ் பதிப்பு ஏறியபோது பழைய புரோகிராம்கள் ஓடத் தேவையான டாட்நெட் 3.5 என்ற விண்டோஸ் துணைப்பகுதி அணைந்துபோயிருந்தது, அதை இறக்கட்டுமா என்று கேட்டு ஒரு பெட்டி வந்திருக்கிறது, பையன் அதைப் படிக்காமல் மூடிவிட்டான். ஒரு டிக் போட்டால் தீர்ந்திருக்கும்.

அதனால் முதல் வேலை டேட்டாவை நகல் எடுப்பது. சாஃப்ட்வேர் ஃபோல்டரைத் திறந்து, தேதி வரிசையில் அடுக்கி, நேற்று இரவு வரை மாறிய பெரிய ஃபைல்களைப் பாருங்கள். எம்டிபி, டிபிஎஃப் என்று முடிபவைதான் பெரும்பாலும் கணக்கு. முழு ஃபோல்டரையும் பென்டிரைவுக்குக் காப்பி செய்துவிடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய சாஃப்ட்வேர் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் எழுதப் போனால், விண்டோஸ் அதை அங்கே எழுதவிடாமல் சத்தமில்லாமல் உங்கள் யூசர் ஃபோல்டரின் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே இருக்கும் ஃபைலின் தேதி மூன்று வருடம் பழையதாக இருந்தால் பதறாமல் அங்கே போய்ப் பாருங்கள், நேற்றைய கணக்கு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். எஸ்க்யூஎல் சர்வர் என்ற தனி டேட்டாபேஸ் புரோகிராமை வைத்து ஓடும் சாஃப்ட்வேர் என்றால் அந்த சர்வீஸை நிறுத்திவிட்டுத்தான் ஃபைலை எடுக்க முடியும்.

சரி, அடுத்தது எது வந்தது என்று கண்டுபிடிப்பது. செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி. அங்கே ஃபீச்சர், குவாலிட்டி, டிரைவர் என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். குவாலிட்டி என்பது மாதாமாதம் வருவது. ஃபீச்சர் என்பது 23எச்2 போய் 24எச்2 வருவது மாதிரி, கிட்டத்தட்ட புது விண்டோஸே ஏறுவது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எனக்கு இதைவிடப் பிடித்தது 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி'. ஸ்டார்ட்டில் அந்தப் பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்தாலே வரும், நாள் வாரியாக ஒரு கட்டம், எந்த நாளில் என்ன ஏறியது, எது எந்த நேரத்தில் சிவப்புப் பெருக்கல் குறியோடு விழுந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிடும். பாதி நேரம் விண்டோஸ் மேல் பழியே இருக்காது, அதே ராத்திரி ஆன்டிவைரஸ் அந்த எக்ஸி ஃபைலைத் தூக்கிச் சிறையில் போட்டிருக்கும்.

அப்டேட்தான் காரணம் என்று தெரிந்தால், வந்த எர்ரரை அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு அந்த அப்டேட்டின் கேபி நம்பரோடு (ஹிஸ்டரியில் KB என்று தொடங்கும் எண்) சேர்த்துத் தேடுங்கள். உங்களுக்கு வந்தது உலகத்துக்கே வந்திருக்கலாம். 2019 ஆகஸ்ட் 13 அன்று வந்த அப்டேட்டால் விபி6 (விஷுவல் பேசிக் 6) என்ற பழைய மொழியில் எழுதிய புரோகிராம்கள் 'இன்வாலிட் புரொசீஜர் கால்' என்று சொல்லி நின்றுபோயின, நம் ஊர் பழைய பில்லிங் சாஃப்ட்வேரில் பாதி விபி6தான், சில நாட்களிலேயே அதற்குத் திருத்தம் வந்துவிட்டது. 2021 மார்ச் 9 அப்டேட்டுக்குப் பிறகு சில பிரிண்டர்களுக்குப் பிரிண்ட் கொடுத்தாலே நீலத் திரை வந்தது, அதற்கும் மார்ச் 15 அன்றே தனியாக ஒரு அப்டேட் விட்டார்கள். இப்படித் திருத்தம் வந்திருந்தால் எதையும் கழற்ற வேண்டாம், இன்னொரு அப்டேட்டைப் போட்டால் போதும்.

திருத்தம் இல்லையா, சின்ன வேலைகளை முதலில் பாருங்கள். 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' போய் டாட்நெட் 3.5-க்கு டிக் இருக்கிறதா பாருங்கள். ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அங்கே விண்டோஸ் 7 தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாருங்கள். கவுன்டர் மெஷினிலிருந்து சர்வர் மெஷினின் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை, 24எச்2 இப்போதுதான் ஏறியது என்றால் சாஃப்ட்வேரைத் திட்டாதீர்கள். அந்தப் பதிப்பின் புரோ வகையில் பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் நுழைவை அடைத்துவிட்டார்கள், ஷேர் ஃபோல்டருக்குப் போய்வரும் தகவலுக்கு டிஜிட்டல் கையெழுத்து கேட்கும் எஸ்எம்பி சைனிங்கையும் கட்டாயமாக்கிவிட்டார்கள். சர்வரில் பாஸ்வேர்டோடு ஒரு யூசரை உருவாக்கி அதை வைத்து இணைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பாதுகாப்பையே அணைத்துவிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, நான் செய்வதில்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் பழைய ஃபாக்ஸ்புரோ புரோகிராமாக இருந்தால் மட்டும் வீணாக மெனக்கெடாதீர்கள், 64-பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடவே ஓடாது, விண்டோஸ் 11-இல் 32-பிட் வகையே கிடையாது. டாஸ்பாக்ஸ் மாதிரி, டாஸைப் போலவே நடிக்கும் புரோகிராம் ஏதாவது வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இதெல்லாம் பார்த்தும் நடக்கவில்லை என்றால்தான் அப்டேட்டைக் கழற்றுவது. மாதாந்திர அப்டேட் என்றால் அதே அப்டேட் ஹிஸ்டரியின் அடியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கும், கேபி நம்பரைப் பார்த்து அதை மட்டும் எடுங்கள். பதிப்பே மாறியிருந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, 'கோ பேக்'. இதற்குக் கெடு 10 நாள்தான். அதற்குள் 'டிஸ்க் ஃபுல்லா இருக்கு' என்று யாராவது கிளீனப் போட்டு 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டரை அழித்துவிட்டால் அந்தக் கெடுவும் கிடையாது. இப்படித் திரும்பும்போது, அப்டேட்டுக்குப் பிறகு ஏற்றிய புரோகிராம்கள் போய்விடும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினே மேலே வரவில்லையா? விண்டோஸ் லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போகலாம். வழியில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கக்கூடும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த மெஷின் என்றால் அந்தக் கணக்கில் இருக்கும், ஆனால் அந்தக் கணக்கு ஆரம்பித்தது வேலையை விட்டுப்போன கேஷியரின் ஜிமெயிலில் என்றால் என்ன செய்வீர்கள்? மெஷின் நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணை எடுத்து ஒரு நோட்டில் எழுதிக் கல்லாவில் வையுங்கள்.

கழற்றியதும் 'பாஸ் அப்டேட்ஸ்' போட மறக்காதீர்கள், இல்லையென்றால் ராத்திரியே அது திரும்ப ஏறிவிடும். ஐந்து வாரம் வரை நிறுத்தலாம். சிலர் வெறுத்துப்போய் அப்டேட் சர்வீஸையே நிரந்தரமாக அணைத்துவிடச் சொல்வார்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியபோது அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாத மெஷின்கள்தான் மாட்டின. நான் கடைகளில் வைத்திருக்கும் வழக்கம் வேறு: இரண்டாவது செவ்வாய்க்கு முந்தைய நாளே எல்லா மெஷினிலும் ஒரு வாரம் பாஸ், பின்பக்கம் சரக்கு எண்ட்ரி போடும் ஒரு மெஷினில் மட்டும் அப்டேட்டை ஏறவிடுவேன், அதில் இரண்டு பில் போட்டு, டாட் மேட்ரிக்ஸில் ஒரு பிரிண்ட் எடுத்து, ஷேர் ஃபோல்டரையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கவுன்டர் மெஷின்களுக்குக் கை வைப்பேன், அதுவும் மதியம் சாப்பாட்டு நேரத்தில், கூட்டம் இல்லாதபோது.