‘ரப்ட்’ வந்தால் ஏதோ உடைகிறது

ஆங்கிலச் சொல்லின் முடிவில் ‘ரப்ட்’ என்று வந்தால், உள்ளே ஏதோ உடைகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியைப் புரட்டாமலே பாதி அர்த்தம் பிடிபட்டுவிடும்.

லத்தீனில் ‘ரும்பெரே’ என்றால் உடைத்தல். ‘ரப்ட்’ அதிலிருந்து வந்தது. எரப்ட் என்பதன் முன்னால் நிற்கும் ‘எ’ வெளியே என்பதைக் குறிக்கும். ஆக, உடைத்துக்கொண்டு வெளியே பாய்வது. எரிமலை நெருப்பைக் கக்குவதும், அடக்கி வைத்த கோபம் வெடிப்பதும், குழந்தையின் ஈறைக் கீறிக்கொண்டு பால்பல் எட்டிப்பார்ப்பதும் (பல் மருத்துவர்கள் இதையும் எரப்ஷன் என்றுதான் சொல்வார்கள்) ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவது அருமையான விஷயம். இன்டரப்ட் என்றால் இடையில் உடைப்பது, அதாவது பேச்சை முறிப்பது. அப்புறம் பேங்க்ரப்ட், அதாவது திவால். இது இத்தாலிய மொழியில் ‘உடைந்த பலகை’ என்பதிலிருந்து வந்தது. பலகை என்றால் அந்தக் காலத்தில் பணம் மாற்றுபவர் கடை விரித்த மேசை.

கரப்ட் போன்ற சொற்களில் கவனம் தேவை. அங்கே உடைதல் கெட்டுப்போதலாகி, இன்று லஞ்சம் வரை வந்துவிட்டது. பெருக்கெடுத்து ஓடும் வெள்ளத்தைச் சொல்லும் டாரண்ட், உடைத்துக்கொண்டு பாய்வது போலத் தோன்றினாலும், ‘ரப்ட்’ குடும்பத்தைச் சேர்ந்ததல்ல; அதற்கு இந்த வழி உதவவே உதவாது. அதன் வேர், சூட்டில் காயவைப்பதைச் சொல்லும் வேறொரு லத்தீன் வினை. காலையில் சாப்பிடும் டோஸ்ட்டும் அதே வேரில் வந்ததுதான்.