ஓடும்போதே நின்றுபோகும் பழைய கார்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

நடுவழியில் எஞ்சின் அணைந்துபோனால் பதறிப்போய் பானட்டைத் திறக்காதீர்கள். கிளட்சை மிதித்து, மிச்சமிருக்கும் ஓட்டத்திலேயே வண்டியைச் சாலையின் இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அரை நிமிடம் இருக்கையிலேயே உட்கார்ந்து, எப்படி நின்றது என்று யோசியுங்கள். விளக்கை அணைத்ததுபோல் பட்டென்று நின்றதா? அல்லது இருமி, திணறி, இழுவை குறைந்து அடங்கியதா? பட்டென்று நின்றிருந்தால் முதலில் ஸ்பார்க் பிளக்கில் வரும் மின்பொறியைச் சந்தேகியுங்கள். திணறி நின்றிருந்தால் பெட்ரோலை.

என்னிடம் இருப்பது அப்பா விட்டுச்சென்ற 1982ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிந்து சேர்ந்து பொறியை உண்டாக்கும் பிளாட்டினம் பாயின்ட், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், எஞ்சின் சுழற்சியிலேயே இயங்கும் பெட்ரோல் பம்ப். கம்ப்யூட்டர் கிடையாது, எதையும் கண்ணால் பார்த்தே சோதிக்கலாம். முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்படியிருந்தும் இந்த வண்டி ஒரு கோடை முழுக்க என்னை அலைக்கழித்தது. மதுரையிலிருந்து தேனிக்குப் போகும்போது உசிலம்பட்டி வேகத்தடைகளில் நிற்கும். பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடும். கார்புரேட்டரை இரண்டு முறை கழுவினார்கள், பம்பை மாற்றினார்கள், பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் காயிலையும் மாற்றினார்கள். மறு வாரமே ஆண்டிபட்டி கணவாயில் மறுபடியும் நின்றது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. வண்டி ஓடும்போது சோதித்துப் பயனில்லை. அது செத்துக் கிடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் சோதிக்க வேண்டும். அதற்கு 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் இணைத்த டெஸ்ட் லாம்ப் ஒன்று போதும்.

கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக் போடுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் பொறிச் சோதனை எதையும் செய்யாதீர்கள். வாடை இல்லையென்றால், ஒரு பிளக்கைக் கழற்றி அதன் ஒயரிலேயே செருகி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி கார்புரேட்டருக்கு எட்டத்தில் வையுங்கள். ஒயரைக் கையால் பிடிக்க வேண்டாம். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ‘டக் டக்’ என்று நீலப் பொறி தெறித்தால் மின்சாரத்தில் குறையில்லை. பெட்ரோல் பக்கம் போகலாம். மஞ்சளாக, மெலிந்து வந்தால் பிளாட்டினத்தையும், அது கருகாமல் காக்கும் கண்டன்சரையும் பாருங்கள். சூடேறினால் மட்டும் கைவிடும் கண்டன்சர்கள் உண்டு. மலிவான பொருள்தான், மாற்றிப் போட்டுப் பார்ப்பதே நல்ல சோதனை. பிளாட்டினம் கருகிக் குழி விழுந்திருந்தால் புதிதாகப் போட்டு, இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள்.

பொறியே இல்லையென்றால் டெஸ்ட் லாம்பை எடுங்கள். ஒரு முனையை எர்த்தில், அதாவது எஞ்சினின் உலோக உடலில் மாட்டுங்கள். சாவியைப் போட்டு, மறுமுனையால் காயிலில் சுவிட்சிலிருந்து மின்சாரம் வரும் முனையைத் தொடுங்கள். எரியாவிட்டால் சுவிட்சிலோ வரும் ஒயரிலோ கோளாறு. எரிந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளாட்டினம் உள்ளே இருக்கும், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் பாகம்) போகும் காயில் முனையில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பல்பு மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிய வேண்டும். அணையாமல் எரிந்தால் பிளாட்டினம் சேரவில்லை. எரியவே இல்லையென்றால் பிளாட்டினம் பிரியவில்லை, அல்லது மின்சாரம் வழியிலேயே எர்த் ஆகிறது.

கணவாயில் என் பல்பு எரியவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். பிளாட்டினம் நன்றாகத்தான் பிரிந்து சேர்ந்தது. உள்ளே பிளாட்டினத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும், விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ஒயர் இருக்கிறது. அதைத் திருப்புளியின் நுனியால் லேசாக நகர்த்தினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒயரைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கம் உறை வெடித்து, கடுகளவு செம்பு வெளியே தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும், பொறி விழும் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் என்ற பாகம் பிளாட்டினம் உட்கார்ந்திருக்கும் தட்டைச் சற்றே திருப்பும். தட்டோடு ஒயரும் அசையும். வேகத்தடையில் நான் காலை எடுத்ததும் அந்தச் செம்பு டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் பட்டிருக்கிறது. இரண்டு மாத அலைச்சலுக்குக் காரணம் அந்தக் கடுகளவு செம்பு! அன்று இன்சுலேஷன் டேப் சுற்றி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் புது ஒயர் போட்டேன்.

இனி பெட்ரோல். முதலில் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்து வைத்திருக்கிறது. துளையைச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது.

அடுத்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் துடித்துத் துடித்து வர வேண்டும். சொட்டினால் ஃபில்டர் அடைப்பு, பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் சவ்வு), டேங்க் துரு என்று பின்னோக்கித் தேடுங்கள். டேங்க் துருவில் ஓர் ஏமாற்று உண்டு. வண்டி ஓடும்போது கசடு வந்து குழாய் வாயை அடைக்கும். நின்றதும் அடியில் படிந்து வழிவிடும். சூட்டினால் நிற்கிறது என்றே தோன்றும்.

சூட்டினால் உண்மையிலேயே பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைப்பதும் உண்டு. கோடையில், ஏற்றத்தில், மெதுவாகப் போகும்போதுதான் பெரும்பாலும் வரும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான். இன்றும் அதுவே கைகொடுக்கும். துணி போட்டுச் சில நிமிடங்களில் கிளம்பினால் நோய் தெரிந்துவிட்டது. எரிபொருள் குழாய் சைலன்சர் பக்கம் ஒட்டிப்போகிறதா என்று பாருங்கள். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுவது நல்லது. மாற்றியபின் பழையதை மடக்கிப் பாருங்கள், எத்தனை வெடிப்பு என்று தெரியும்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் அணைகிறது என்றால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை அமைக்கும் ஐடிலிங் திருகையும், கார்புரேட்டர் அடியிலுள்ள கேஸ்கட்டில் காற்று கசிகிறதா என்பதையும் பார்த்தால் போதும்.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றி, அடுத்ததைத் தொடும் முன் நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட் லாம்பு, கண்டன்சர், ஒரு முழம் ஒயர், பழைய பருத்தித் துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர். இவை என் வண்டியில் எப்போதும் இருக்கின்றன.