வாசகத்தை எதிர்மாறாகச் சொல்லிப் பாருங்கள்

நல்லூர்த் திருவிழா நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் கடைவாசல் எல்லாம் பனர். தேர்தல் என்றால் மதிலெல்லாம் சுவரொட்டி. இரண்டையும் எடைபோட எளிய வழி ஒன்று உண்டு: வாசகத்தை எதிர்மாறாகச் சொல்லிப் பாருங்கள். "வளமான எதிர்காலம்" என்கிறார்கள். வறுமையான எதிர்காலம் தருகிறோம் என்று யாராவது வாக்குக் கேட்பார்களா? மாட்டார்கள். அப்படியானால் அந்த வாசகம் எதற்கும் உறுதி தரவில்லை, மனதுக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க வாரம் இரண்டு கொத்து அரிசி என்றார். அது கணக்குக் கேட்கக்கூடிய வாக்குறுதி. இப்போதும் அப்படி ஓர் எண்ணையும் திகதியையும் வேட்பாளரிடம் கேளுங்கள், கூச்சப்படத் தேவையில்லை.

கடையில் "50% வரை விலைக்கழிவு" என்றால் பெரிய 50ஐ விட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் "வரை"யைப் பாருங்கள். ஒரேயொரு சேலைக்கு 50% குறைத்தாலும் அந்த வரி பொய்யாகாது. நீங்கள் கையில் எடுத்த சேலைக்கு எவ்வளவு கழிவு, நேற்று என்ன விலை என்று கேளுங்கள். "இன்று மட்டும்" என்பது பக்கத்துக் கடையில் விலை விசாரிக்க உங்களுக்கு நேரம் தராமல் இருக்கத்தான். அப்புறம், ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கேட்டது பழகிப்போய் உண்மைபோலத் தோன்றும். முதல்முறை கேட்டபோது நம்பினீர்களா என்று யோசியுங்கள்.