டிசைன் படிக்கிறப்போ எப்படி வளர்றது: தமிழ் எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நான் போன வழி

சென்னைல டிசைன் கடைசி வருஷம் படிக்கிறேன், ஊரு சாத்தூர் பக்கம். ஜூனியர் பசங்க வந்து கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், "அக்கா, ஃபோட்டோஷாப் தெரியும், ஃபிக்மா தெரியும், டுட்டோரியல் பாத்து எல்லாம் பண்ணிடுறேன், ஆனா நானா ஒண்ணு பண்ணனும்னு உக்காந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது." ரெண்டாவது வருஷத்துல நானும் இப்படித்தான் இருந்தேன், ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மத்தவங்க வொர்க்கை ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே இருப்பேன், காலைல எந்திரிச்சா நேத்து பாத்த கலர், நேத்து பாத்த லேஅவுட், அதுதான் கைல வரும். அதுல இருந்து வெளிய வந்தது எப்படின்னு எழுதிடுறேன், யாருக்காவது உதவும்.

முதல் வேலை, ஒரே ஒரு விஷயத்தைப் பிடிங்க. டிசைன்னா கடல், அது மொத்தத்தையும் நாலு வருஷத்துல நீந்த முடியாது. உங்களுக்கு ஏற்கெனவே ஒட்டுன ஒண்ணா இருக்கணும், சின்னதாவும் இருக்கணும். எனக்கு அது தமிழ் எழுத்து. மாமா சிவகாசில ஆஃப்செட் பிரஸ்ல மெஷின் ஓட்டுறவரு, லீவுக்குப் போனா வேஸ்ட் ஷீட் கட்டு கட்டா வீட்டுக்கு வரும், பின்பக்கம் வெள்ளையா இருக்கும், அதுலதான் நான் படம் வரைஞ்சு வளர்ந்தேன், முன்பக்கம் காலண்டர் எழுத்து. இவ்வளவு பக்கத்துல இருந்ததை காலேஜுக்கு வந்து ரெண்டு வருஷம் நான் திரும்பிக்கூடப் பாக்கல. உங்களுக்கு அது கோலமா இருக்கலாம், பஸ் ஸ்டாண்ட்ல வழி காட்டுற போர்டா இருக்கலாம், மளிகைக் கடை பாக்கெட்டா இருக்கலாம். வீட்டுல, தெருவுல தேடுங்க.

பிடிச்சதுக்கு அப்புறம் கையால வரைங்க, அதுவும் ஒரு ஒழுங்கோட. தமிழ் எழுத்து 247னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம், ஆனா ஒரு ஃபாண்ட் பண்றவங்க கண்ணோட பாத்தா அது வேற கணக்கு. கா, கெ, கை எல்லாம் தனித்தனியா வரைய வேண்டாம், துணைக்காலும் கொம்பும் ஒரு தடவை வரைஞ்சா எல்லாத்துக்கும் பொருந்தும். உகரமும் ஊகாரமும் அப்படி விடாது, ஒவ்வொரு மெய்யோடயும் ஒவ்வொரு மாதிரி ஒட்டிக்கும். இதை மூணு குடும்பமா பிரிச்சு வரைஞ்சு பாருங்க: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், ஙு, சு, பு, யு, வு ரெண்டாவது கூட்டம், இதுல கீழ கோடு இறங்கும், ஞு, ணு, து, நு, லு, று, னு மூணாவது கூட்டம். 18 எழுத்து, தினம் ஒரு குடும்பம்னு ஒரு மாசம் வரைஞ்சேன். முதல் வாரம் கை வலிச்சதுதான் மிச்சம்னு நினைச்சேன். மூணாவது வாரம் பஸ்ல போறப்போ கடை போர்டுல ஒரு "பு"வோட கீழ்க்கோடு பக்கத்துல இருக்குற எழுத்தை இடிக்குறது தானா கண்ணுல பட்டுச்சு. அதுக்கு முன்னாடி அதே போர்டை நூறு தடவை பாத்திருப்பேன். கண்ணு மாறுறதுதான் வளர்ச்சின்னு நான் நம்புறேன், சாஃப்ட்வேர் வெர்ஷன் மாறுறதெல்லாம் அப்புறம்.

எந்த எழுத்துல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா ட, ப, ம, ய மாதிரி நேர்கோடு எழுத்துல ஆரம்பிங்க, நிக்குற கோட்டுக்கும் படுக்குற கோட்டுக்கும் எவ்வளவு தடிமன்னு அதுல முடிவு பண்ணிடலாம், அப்புறம் க, ச, த, கடைசியா ண, ழ, ஊ. மூணு சுழி ணவை போல்டா வரையுறதுதான் பரீட்சை. மூணு சுழியும் ஒரு எழுத்து அகலத்துக்குள்ள அடங்கணும், கோடும் தடிமனா இருக்கணும், உள்ள இருக்குற வெள்ளை அடைஞ்சும் போகக்கூடாது, சின்ன சைஸ்ல பிரிண்ட் எடுத்தா ரெண்டு சுழி னவுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியணும். இதுக்கு நான் கண்டுபிடிச்சது, சுழி வர்ற இடத்துல மட்டும் கோட்டைக் கொஞ்சம் மெலிசாக்கிடணும், கண்ணுக்குத் தெரியாது ஆனா எழுத்து மூச்சு விடும். இதை எந்த டுட்டோரியலும் எனக்குச் சொல்லல, கூகுள் ஃபாண்ட்ஸ்ல இலவசமா கிடைக்குற முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை மூணையும் பெருசாக்கி பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே எழுத்தைப் பாத்துப் பாத்து கத்துக்கிட்டது. இதெல்லாம் ஓப்பன் லைசென்ஸ்ல இருக்குற ஃபாண்ட், ஃபாண்ட்ஃபோர்ஜ்னு இலவச சாஃப்ட்வேர்ல திறந்து புள்ளி எங்கெங்க வச்சிருக்காங்கன்னு உள்ளயே போய்ப் பாக்கலாம், காசு செலவில்லாம இதை விட நல்ல வாத்தியாரு கிடையாது.

தெருவுக்கும் போகணும். ஃபோன்ல ஒரு ஃபோல்டர் போட்டு போர்டு ஃபோட்டோவா சேருங்க. பழைய கடைங்கள்ல லை, ணை, னை எல்லாம் தும்பிக்கை மாதிரி வளைஞ்ச பழைய வடிவத்துல இன்னும் இருக்கும், பெரியார் 1935லயே தன்னோட குடி அரசு பத்திரிகைல மாத்தி எழுத ஆரம்பிச்சதை அரசாங்கம் 1978லதான் ஏத்துக்கிச்சு, மொத்தம் 13 எழுத்து. அதனால ஒரு கையெழுத்து போர்டுல அந்த லை இருந்தா அது 78க்கு முன்னாடி எழுதுனதாவோ, பழைய பழக்கம் விடாத ஒரு பெயிண்டர் எழுதுனதாவோ இருக்கும். இப்படி எழுத்தைப் பாத்து காலத்தைச் சொல்ல முடியுறப்போ வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே மெனக்கெடலாம். எங்க ஊர்ல ஒரு பெயிண்டர் அண்ணன் இருக்காரு, ஃப்ளெக்ஸ் வந்ததுக்கு அப்புறம் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறதுதான் அவருக்கு அதிக வேலை, ஆனா இன்னும் சுவத்துல எழுதுவாரு. சாக்பீஸ் பொடி தடவுன நூலை ரெண்டு பேரு இழுத்துப் பிடிச்சு ஒரு சுண்டு, நேர்கோடு ரெடி. அப்புறம் எழுத்தை எண்ணாம வார்த்தையோட அகலத்தைக் கண்ணாலயே அளந்து நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் பிரிச்சுடுவாரு. நான் ஸ்பேசிங்னு செமஸ்டர் முழுக்க படிச்சதை அவரு ஒரே வார்த்தைல சொன்னாரு, "எழுத்தைப் பாக்காத பாப்பா, நடுவுல இருக்குற சந்தைப் பாரு." அன்னைல இருந்து நான் சந்துதான் பாக்குறேன்.

இனி கம்ப்யூட்டர் விஷயம், சுருக்கமா. தமிழை டைப் பண்ணா கொ, கோ உடைஞ்சு கொம்பு பின்னாடி போய் நிக்குதா? எழுத்து தப்பில்ல, செட்டிங் தப்பு. பக்கம் அமைக்குற சாஃப்ட்வேரான இன்டிசைன்ல பாராகிராஃப் பேனல் மெனுல வேர்ல்ட் ரெடி கம்போசரை தேர்ந்தெடுங்க, ஃபோட்டோஷாப் பழைய வெர்ஷன்னா ப்ரிஃபரன்ஸஸ்ல டைப்ங்குற இடத்துல வேர்ல்ட் ரெடி லேஅவுட் ஆன் பண்ணுங்க. டிடிபி கடைல இன்னும் பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபாண்ட்ல டைப் பண்ண ஃபைல் தருவாங்க, அதை அப்படியே இப்போ எல்லா இடத்துலயும் ஓடுற யூனிகோட் முறை ஃபாண்டுக்கு மாத்தினா குப்பையா வரும், கன்வர்ட்டர்ல போட்டு மாத்திட்டு ஒரு தடவை முழுசா படிச்சுப் பாருங்க, கண்டிப்பா எங்கயாவது ஒரு எழுத்து மாறியிருக்கும். வரி இடைவெளி இங்கிலீஷுக்கு வச்சதையே வைக்காதீங்க, தமிழ்ல மேல ஈகாரக் கொக்கி ஏறும், கீழ ஊகாரம் இறங்கும், ரெண்டும் முட்டிக்கும், எழுத்து சைஸுல ஒன்றரை மடங்குல ஆரம்பிச்சுப் பாருங்க. ஜஸ்டிஃபை பண்றதை, அதாவது ரெண்டு ஓரமும் நேரா நிக்குற மாதிரி வரியை இழுக்குறதை, அகலம் குறைஞ்ச பத்தில தவிர்த்துடுங்க, நம்ம வார்த்தை நீளம், ஒரு வரில ரெண்டே வார்த்தை நின்னு நடுவுல வெள்ளை இடைவெளி ஆறு மாதிரி ஓடும்.

பிரஸ்ஸுக்குப் போங்க. இதை நான் ரொம்ப அழுத்தி சொல்லுவேன், ஏன்னா இதுல எனக்கு ஒரு காயம் இருக்கு. மூணாவது வருஷம் ஒரு விழாவுக்கு 16 பக்கம் ப்ரோஷர் பண்ணேன், உள்ள எழுத்தெல்லாம் ஸ்க்ரீன்ல கறுப்புதான், ஆனா அதை ஆர்ஜிபில, அதாவது ஸ்க்ரீனுக்குன்னு இருக்குற கலர் முறைல, பண்ணி அப்படியே அச்சுக்கு மாத்தினதால அந்தக் கறுப்பு நாலு கலரும் சேந்த கறுப்பா போயிடுச்சு. கலருக்கு ஒண்ணுன்னு நாலு பிளேட் மேல மேல அச்சாகுறப்போ ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சின்ன எழுத்தோட ஓரம் சிவப்பும் நீலமுமா பிசிறடிக்கும், 9 பாயிண்ட் தமிழ் எழுத்துல சுழி எல்லாம் கலங்கிப் போச்சு. ஆயிரம் காப்பி. பேசுனவங்க பேரு, நன்றி சொன்ன பெரியவங்க பேரு, எல்லாம் மங்கலா. ராத்திரி மாமாவுக்கு ஃபோன் பண்ணி அழுதேன். அவரு திட்டல, "லீவுக்கு வாம்மா, மெஷின் பக்கத்துல நில்லு"ன்னாரு. போய் அஞ்சு நாள் நின்னேன். சியான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு ஒவ்வொண்ணா ஏறுறதை, நாலும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காந்துச்சான்னு லென்ஸை வச்சு ரெஜிஸ்டர் மார்க் பாக்குறதை, ஷீட் ஓரம் வெட்டுப்படுறதை எல்லாம் கண்ணால பாத்தேன். எழுத்துன்னா கறுப்பு மட்டும் 100, மத்த மூணும் பூஜ்யம், வெட்டுறதுக்காக சுத்தி கூடுதலா விடுற 3 மில்லிமீட்டர் ப்ளீட், படம் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி), இதெல்லாம் அதுக்கு முன்னாடி எனக்கு மனப்பாடம் பண்ண விதி, இப்போ காரணம் தெரிஞ்ச விஷயம். உங்களுக்கு பிரஸ்ல மாமா இல்லாட்டியும் பரவாயில்ல, சென்னைல இருந்தா பாரிமுனைல ஆண்டர்சன் தெருவுக்குப் போங்க, பேப்பர் கடையும் கல்யாணப் பத்திரிகைக் கடையும் வரிசையா இருக்கு, கூட்டம் இல்லாத நேரத்துல மரியாதையா அண்ணேன்னு கேட்டா பேப்பரைத் தொட்டுப் பாக்க விடுவாங்க, பேப்பர் கனத்தைச் சொல்ற ஜிஎஸ்எம் கணக்குல 100க்கும் 300க்கும் வித்தியாசம் விரல்ல ஏறணும்.

கருத்து கேக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. "எப்படி இருக்கு"ன்னு கேட்டா "சூப்பர்"னுதான் வரும், அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு குறிப்பான கேள்வி கேளுங்க, முதல்ல எதைப் படிச்சீங்க, எங்க தடுக்குச்சு, இதுல எதை எடுத்துட்டா நல்லா இருக்கும். டிசைனர் அல்லாத ஒரு ஆள்கிட்டயும் கேளுங்க. எங்க ஆச்சிகிட்ட, நானே வரைஞ்சுக்கிட்டு இருக்குற ஃபாண்ட்ல எழுதுன ஒரு பத்தியைக் கொடுத்து வாய்விட்டு படிக்கச் சொன்னேன், "ள"வை "ன"ன்னு படிச்சாங்க ரெண்டு இடத்துல. ரெண்டு நாள் மனசு கஷ்டமா இருந்துச்சு, அப்புறம் அந்த ளவைத் திருத்துனேன், இப்போ சரியா படிக்கிறாங்க.

போர்ட்ஃபோலியோவுக்கு வர்றேன். இருபது வொர்க் வைக்காதீங்க, அஞ்சு போதும், ஆனா ஒவ்வொண்ணுலயும் எங்க ஆரம்பிச்சீங்க, எது தப்பாச்சு, எதை ஏன் மாத்துனீங்கன்னு தெரியணும். என் போர்ட்ஃபோலியோல முதல் பக்கம் அந்த மங்கலான ப்ரோஷர், அதை பெருசாக்கி எடுத்த ஃபோட்டோ, பக்கத்துல திரும்ப அச்சடிச்ச பக்கம். இன்டர்ன்ஷிப் இன்டர்வியூல முக்கால்வாசி நேரம் அதைப் பத்திதான் பேசுனாங்க, அழகா இருந்த போஸ்டரை எல்லாம் தள்ளிட்டே போயிட்டாங்க. இல்லாத கம்பெனிக்கு லோகோ பண்ணி வைக்கிறதை விட, தெருமுனை டிபன் கடைக்கு உண்மையிலயே ஒரு மெனு போர்டு பண்ணிக் கொடுங்க, அண்ணன் நாளைக்கே வடை விலையை மாத்துவாரு, அதுக்கு உங்க டிசைன் இடம் கொடுக்குதான்னு பாருங்க.

காசு விஷயத்துல வெக்கப்படாதீங்க, குறிப்பா பொண்ணுங்க. தெரிஞ்சவங்கன்னு சொல்லி நான் முதல் வருஷம் நிறைய ஓசில பண்ணிக் கொடுத்தேன், திருத்தம் மட்டும் பதினேழு தடவை வந்துச்சு ஒரு வேலைக்கு. இப்போ வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி பாதிக் காசு, திருத்தம் மூணு தடவை, அதுக்கு மேல தனி, இதை வாட்ஸ்அப்ல எழுத்துல அனுப்பி "சரி"ன்னு பதில் வந்ததுக்கு அப்புறம்தான் ஃபைலே திறப்பேன். மரியாதை குறையல, கூடத்தான் செஞ்சிருக்கு.

அடுத்து என்னன்னு எல்லாரும் கேக்குறாங்க, வீட்டுலயும்தான். என் கூட படிக்கிறவங்கள்ல நிறைய பேரு ஆப் டிசைன் பக்கம் போறாங்க, சம்பளம் அங்கதான் சீக்கிரம் கிடைக்கும், அதுல தப்பே இல்ல, வீட்டுல கடன் இருந்தா அதுதான் சரி. மேல படிக்கணும்னா டிசைன் முதுகலைப் படிப்பான எம்.டெஸ்ஸுக்கு ஐஐடி பாம்பே நடத்துற சீட் (CEED) பரீட்சை இருக்கு, வழக்கமா ஜனவரில வரும், அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனுக்கு (NID) அவங்களோட தனி பரீட்சை. எழுத்து வடிவமைப்பை மட்டுமே படிக்கணும்னா இங்கிலாந்துல ரெடிங் யுனிவர்சிட்டில அதுக்குன்னே ஒரு முதுகலைப் படிப்பு இருக்கு, செலவு எங்க வீட்டுக்கு எட்டாத தூரம், ஸ்காலர்ஷிப் கிடைச்சா பாக்கலாம்னு ஒரு ஓரமா வச்சிருக்கேன். ஆசையை எழுதி வைக்கிறப்போ வேலைப் பேரை எழுதாதீங்க, என்ன செஞ்சு முடிக்கணும்னு எழுதுங்க. "சீனியர் டிசைனர் ஆகணும்"னு எழுதுனா நாளைக்குக் காலைல என்ன பண்றதுன்னு அது சொல்லாது. நான் எழுதி வச்சிருக்குறது, ஒண்ணாம் வகுப்பு படிக்கிற பிள்ளை ண, ன, ல, ள நாலையும் குழம்பாம படிக்குற மாதிரி ஒரு தமிழ் ஃபாண்ட். அது நாளைக்கு என்ன வேலைன்னு தானா சொல்லுது.

இப்போ அதுல மெய்யெழுத்து முடிஞ்சு உகரக் குடும்பத்துல நிக்குறேன், முதல் கூட்டத்துல "ழு"வோட வால் மட்டும் இன்னும் சரியா உக்காரல, நாலு விதமா வரைஞ்சு வச்சிருக்கேன், பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ நாலையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் எங்க அக்கா மகன்கிட்ட படிக்கக் கொடுக்கணும், அவன் இந்த வருஷம்தான் ஒண்ணாப்பு.