நாலாவது தோசைக்கு முன்னால்

மூன்று தோசை உள்ளே போன பிறகும் வயிறு இன்னும் கேட்கிறதா? அடுப்பை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். குடல் அனுப்பிய தகவல் மூளைக்கு இன்னும் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்காது, அவ்வளவுதான்.

இரைப்பை விரிவது, வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகச் சட்டென்று தெரிந்துவிடும். ஆனால் ‘போதும்’ என்று சொல்ல அது மட்டும் பற்றாது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் மேல்பகுதிக்கு வந்ததும் சிசிகே என்ற நிறைவு ஹார்மோன் சுரக்கும். குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து பிஒய்ஒய், ஜிஎல்பி-1 என்ற இன்னும் இரண்டு நிறைவு ஹார்மோன்கள் வரும் (இப்போது எல்லோரும் பேசுகிற எடைக்குறைப்பு ஊசிகள் நகலெடுப்பது இந்த ஜிஎல்பி-1ஐத்தான்). நிறைவு நன்றாகத் தெரிய 15, 20 நிமிடம் ஆகலாம். அவசரமாகச் சாப்பிடுகிறவர் அதற்குள் ஐந்து தோசையை முடித்துக் கை கழுவியிருப்பார்.

அதனால் தட்டில் முதலில் புரதமுள்ள சுண்டலோ முட்டையோ பருப்புக் கூட்டோ போகட்டும். சாதம் அப்புறம்.

இன்னொன்று. இரைப்பையில் சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலின், வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தையொட்டி ஏறும். தினமும் 4 மணிக்கு பஜ்ஜி தின்று பழகினால் 4 மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். எனக்கு 3.50க்கே ஆரம்பித்துவிடும்.