ஏஜென்டுக்கு டாக்குமென்ட் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சிக்கு, பாளையங்கோட்டையில் இருந்தபடி ஒரு கமாண்ட் லைன் டூல் (கமாண்டைத் தட்டச்சு செய்து ஓட்டும் புரோகிராம்) எழுதிக் கொடுத்தோம். பெயர் 'சிட்டை'. ஆர்டர் பதிவது, ஸ்டாக் கழிப்பது, பார்சல் சீட்டு அடிப்பது அதன் வேலை. ரெண்டு வருஷம் கடைப் பையன்கள் ஓட்டினார்கள். பிறகு, டாக்குமென்டைப் படித்துத் தானே கமாண்டுகளை ஓட்டும் ஒரு ஏஐ ஏஜென்டிடம் விட்டோம். மூன்றாம் நாளே அண்ணாச்சி போன் போட்டார்: "தம்பி, ஒரே ஆர்டருக்கு ரெண்டு சீட்டு வந்து கெடக்கு. எதுக்குச் சிப்பம் கட்டச் சொல்லுதிய?"

ஏஜென்டைக் குறை சொல்ல முடியாது. 'சிட்டை அனுப்பு' என்று ஓட்டியிருக்கிறது. சீட்டு சர்வரில் பதிவாகிவிட்டது. பதில் வருவதற்குள் நெட் போய்விட்டது. டூல் எக்ஸிட் கோட் (புரோகிராம் முடியும்போது சொல்லும் எண்) 1 கொடுத்து நின்றது. டாக்குமென்டில் '1 என்றால் தோல்வி' என்று மட்டும்தான் நாங்கள் எழுதியிருந்தோம். தோல்விதானே என்று அது மறுபடி ஓட்டிவிட்டது. கடைப் பையன் என்றால் "அண்ணாச்சி, சீட்டு வந்துட்டா?" என்று ஒரு குரல் கொடுத்திருப்பான்.

0 வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி என்பது பழைய யூனிக்ஸ் வழக்கம். அதோடு நிறுத்திவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. எந்தத் தோல்விக்குப் பிறகு திரும்ப ஓட்டலாம், எதற்குப் பிறகு கூடாது என்று ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே இருக்க வேண்டும். எங்கள் டாக்குமென்ட் இப்போது இப்படிச் சொல்கிறது: '4: ஸ்டாக் இல்லை. திரும்ப ஓட்டிப் பயனில்லை. 5: பதில் வரவில்லை, சீட்டு பதிவாகியிருக்கலாம். முதலில் "சிட்டை நிலை" ஓட்டிப் பார்க்கவும்.' எண் கொடுக்கும்போது 126, 127, 128-க்கு மேல் உள்ளவை பக்கம் போகாதீர்கள். 127 என்றால் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று ஷெல் (கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராம்) சொல்வது. கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினால் 130. டாக்குமென்டோடு டூலையும் திருத்தினோம். ஒரே ஆர்டர் எண் ரெண்டாவது முறை வந்தால் பழைய சீட்டையே திருப்பித் தரும்.

அடுத்தது, ஊருக்கே தெரிந்ததை எழுதாமல் விடுவது. இருட்டுக்கடை அல்வா சாயங்காலம்தான் கிடைக்கும் என்று திருநெல்வேலி டவுனில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதுபோல 'அளவு 40' என்றால் நாற்பது சிப்பம், சிப்பத்துக்குப் பத்துக் கிலோ என்பது அண்ணாச்சி கடையில் எல்லோருக்கும் தெரியும். ஏஜென்டுக்குத் தெரியாது. நாற்பது கிலோ கேட்டவருக்கு அது 40 என்று போட்டது, நானூறு கிலோ! நல்லவேளை, ட்ரை ரன்னிலேயே (நிஜமாக அனுப்பாத ஒத்திகை) கண்ணில் பட்டது. இப்போது அளவைச் சொல்லும் ஃப்ளாகின் (கமாண்டோடு சேர்த்து அடிக்கும் குறிப்பு) பெயரே 'சிப்பம்'.

உதாரணத்தில் நிஜம் போலத் தெரியும் எண்ணைப் போடுவதும் ஆபத்து. நாங்கள் ஆர்டர் 1001 என்று எழுதிவைக்க, எண் கிடைக்காத நேரத்தில் ஏஜென்ட் அந்த 1001-ஐயே எடுத்துக்கொண்டது. எண்ணை எந்தக் கமாண்டில் எடுப்பது என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடுங்கள்.

'அனுப்பலாமா? ஆம்/இல்லை' என்று டூல் கேட்டு நின்றால் ஏஜென்டும் டைம்அவுட் வரை அப்படியே நிற்கும். கேள்வியைத் தாண்டிப் போக ஒரு ஃப்ளாக் வைத்து, முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும். ஆனால் 'அழி' கமாண்டுக்கு அப்படி ஒன்று நான் வைக்கவே மாட்டேன். அதை மனுஷன் ஓட்டட்டும்.

கலர், கட்டம் போட்ட டேபிள் எல்லாம் நம் கண்ணுக்குத்தான். முடிவை ஜேசானாக (புரோகிராம் எளிதில் படிக்கும் எழுத்து வடிவம்) ஸ்டேண்டர்ட் அவுட்புட்டிலும், எச்சரிக்கையை ஸ்டேண்டர்ட் எரரிலும் என இரண்டு தனி வெளியீட்டு வழிகளில் பிரித்துக் கொடுங்கள். முழு மேனுவலையும் ஒரே ஹெல்ப்பில் கொட்டினால் ஏஜென்டின் கான்டெக்ஸ்ட்தான் (ஒரே நேரத்தில் அது மனதில் வைக்கக்கூடிய இடம்) நிரம்பும். 'அனுப்பு', 'நிலை' போன்ற ஒவ்வொரு சப்கமாண்டுக்கும் ஒரு பக்கம் போதும்.

எழுதி முடித்ததும் நான் செய்வது: புது செஷன் திறந்து, சோர்ஸ் கோடைக் காட்டாமல், டாக்குமென்டை மட்டும் கொடுத்து ஒரு வேலை சொல்வேன். அது எங்கே இல்லாததைக் கற்பனை செய்கிறதோ அங்கே நான் ஏதோ விட்டிருக்கிறேன். போன வாரம் 'சிட்டை ரத்து' என்று மூன்று தடவை அடித்துப் பார்த்தது. அப்படி ஒரு கமாண்ட் எங்களிடம் கிடையாது. அண்ணாச்சியும் ரெண்டு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.